கடுகை மேய்க்காத பிரஷ்: வேக்குவம் கிளீனரோடு நாலரை வருஷம்

எங்கள் வீட்டில் மூன்று வகைத் தரை. கீழே பட்டாசலும் (நடுக்கூடம்) வாசலை ஒட்டிய தார்சாவும் தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு, அதாவது சிவப்புச் சிமென்ட் பூச்சு, அடுக்களையில் கடப்பாக் கல், மாடியில் நான் எடுத்துக் கட்டிய இரண்டு அறைகளுக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். கார்ப்பெட் என்று ஒரு சாண் துணிகூடக் கிடையாது. திருநெல்வேலி வெயிலுக்கு யார் போடப்போகிறார்கள்? ஆனால் கடைகளில் விற்கிற வேக்குவம் கிளீனரோடு வரும் தரைப் பிரஷ், பெரும்பாலும் கார்ப்பெட்டையும் மனதில் வைத்துச் செய்ததுதான். இது எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

வாங்கியது அம்மாவின் இளைப்புக்காக. ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று அடிக்கத் தொடங்கினால் ஜன்னலை எவ்வளவு சாத்தினாலும் பட்டாசலில் ஒரு படலம் மண் படியும். வாரியலால் கூட்டினால் பாதி தூசி மேலே எழும்பி, அரைமணி நேரம் கழித்து அதே இடத்தில் உட்காரும். நடுவில் அம்மாவின் நெஞ்சுக்கும் போய்விட்டு வரும். அதனால் 1400 வாட், தண்ணீரும் இழுக்கும் டப்பா மாடல் ஒன்றை வாங்கினேன். மெஷின் இன்றுவரை பழுதில்லாமல் ஓடுகிறது. தொல்லை எல்லாம் அதன் வாயோடுதான்.

கூடவே வந்த பிரஷில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் முடிவரிசை வெளியே வரும், இன்னொரு மிதியில் உள்ளே போய்விடும். உள்ளே போன நிலை கார்ப்பெட்டுக்கு, வெளியே வந்த நிலை தரைக்கு. கையேட்டை யார் படித்தார்கள்? முதல் மூன்று மாதம் நான் முடி உள்ளே இருக்கவே ஓட்டியிருக்கிறேன். மாடி டைல்ஸில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது, மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறும். ஆஹா, என்ன இழுவை என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தப்பு. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. வாய் தரையோடு முழுசாக ஒட்டிக்கொண்டால் காற்று நுழைய இடமில்லை. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் மோட்டாருக்குச் சுமை குறைந்து வேகமாகச் சுற்றுகிறது, அந்தக் கீச்சுச் சத்தம் அதனால் வருவது. மோட்டாரைக் குளிரவைப்பதும் பல மாடல்களில் அதே காற்றுதான் என்பதால், அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் கேடு. கைப்பிடியில் சின்னதாக ஒரு நகர்த்தும் மூடி இருக்கிறதே, அது இதற்காகத்தான். கொஞ்சம் திறந்துவிட்டால் பிடி தளரும்.

சரி, முடியை வெளியே எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் கடுகுச் சம்பவம். அடுக்களையில் கடுகு டப்பா கைதவறிக் கவிழ்ந்தது, கால் கிலோ இருக்கும். நான் வீரமாக மெஷினை இழுத்துக்கொண்டு போனேன். பிரஷை முன்னால் தள்ளினால் கடுகும் முன்னால் ஓடுகிறது. பின்னால் இழுத்தால் பின்பக்க முடிவரிசையில் முட்டி அந்தப் பக்கம் ஓடுகிறது. தூக்கித் தூக்கி மேலே வைத்தால்தான் உள்ளே போகிறது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "ஏல, நீ கடுக அள்ளுதியா, மேய்க்கியா?"

அன்றைக்குத்தான் பிரஷைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்கம் நெருக்கமான, விறைப்பான நைலான் முடி ஒரே சுவராக நின்றது. மெல்லிய தூசி அதற்கு அடியில் நுழைந்துவிடும், கடுகும் துவரம்பருப்பும் நுழையாது. சுவரில் இடைவெளி இருந்தால்தானே நுழைவதற்கு? வழவழத் தரைக்கான பிரஷில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். முன்வரிசையில் விரல்நுனி அகலத்துக்கு அங்கங்கே முடி இல்லாமல் விட்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். வாட் கணக்கு அப்புறம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பரில் வேக்குவம் கிளீனருக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900 ஆகக் குறைத்தார்கள். அங்கே வீடுகள் குப்பையாகிப் போய்விடவில்லை. வாட் என்பது மெஷின் கரண்டை எவ்வளவு குடிக்கிறது என்ற கணக்கு மட்டுமே.

இரண்டாவது குற்றம் சக்கரம். அந்தப் பிரஷின் பின்பக்கம் கட்டியான பிளாஸ்டிக்கில் இரண்டு சின்னச் சக்கரங்கள். ஒன்றின் இடுக்கில் ஒரு மணல் பரல் மாட்டிச் சக்கரம் சுற்றாமல் நின்றிருக்கிறது, நான் கவனிக்காமல் இழுத்திருக்கிறேன். பட்டாசல் நடுவில் ஒன்றரை அடி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. அறுபது வருஷம் மனிதர்கள் நடந்து, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. மணலில் இருப்பது குவார்ட்ஸ், பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. பளிங்குக் கல்லே 3தான். நம் சிமென்ட் தரைப் பூச்சு எந்த மூலைக்கு? எண்ணெய் தடவினால் கோடு நாலு நாளைக்கு மறையும், அப்புறம் மறுபடி தெரியும். அம்மா அந்த இடத்தில் கோரம்பாயை விரித்துவிட்டாள். யார் வந்தாலும் அந்தப் பாயில்தான் உட்கார வைக்கிறாள்.

கோடு விழுந்த வாரமே ஆன்லைனில் ஒரு பிரஷ் வாங்கினேன். 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. வந்தது, பொருந்தவில்லை, என் பைப்பில் லொடலொடவென்று ஆடியது. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நாள் தாங்கியது, மறுநாள் பிரஷ் கட்டிலுக்கு அடியில் தங்கிவிட, பைப் மட்டும் வெளியே வந்தது. திருப்பி எடுக்க ஆள் வருவார் என்று காத்திருந்து நாள் கடந்துபோனது. அந்த 500 ரூபாய் பரணில் கிடக்கிறது.

இந்த டப்பா மாடல்களில் பைப் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் அல்லது 35 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெர்னியர் எல்லாம் வேண்டாம், பிரஷ் சொருகும் இடத்தில் பைப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தால் போதும். நூல் சுமார் 10 சென்டிமீட்டர் வந்தால் 32, சுமார் 11 வந்தால் 35. முனை கொஞ்சம் கூம்பி இருக்கும் என்பதால் நுனியில் ஒருமுறை, இரண்டு விரல்கடை மேலே ஒருமுறை அளக்கவேண்டும். பட்டனை அழுத்திக் கழற்றும் கிளிக் வகை பைப் என்றால் அந்தக் கம்பெனி பிரஷோ, அதற்கென்று உள்ள அடாப்டரோதான் சேரும்.

அடுத்து வாங்கியதுதான் மூன்றரை வருஷமாக ஓடுகிறது. 32 மில்லிமீட்டர், 30 சென்டிமீட்டர் அகலம், குதிரைமுடி. விலை 850 ரூபாய். குதிரைமுடி என்றதும் அம்மா முகம் சுளித்தாள், பூஜை அறைக்குள் அது வரக்கூடாது என்று உத்தரவு. அங்கே இன்றைக்கும் பழைய பிரஷ்தான். மற்ற இடங்களில் இந்த முடி நைலான் மாதிரி விறைத்து நிற்காமல் வளைந்து கொடுக்கிறது, டைல்ஸ் இணைப்புப் பள்ளத்தில் இறங்கி அங்கே உட்கார்ந்திருக்கும் மண்ணைக் கிளப்பிவிடுகிறது. முடியே வாயைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. முன்னால் மூன்று இடைவெளிகள். வாங்கிய அன்றைக்கே ஒரு பிடி கடுகைக் கொட்டிச் சோதித்தேன். நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன், ஓரத்தில் பட்டவை சில தெறித்தன. மேய்க்க வேண்டியிருக்கவில்லை.

அதில் நான் எதிர்பாராத லாபம் கழுத்து. இரண்டு இடத்தில் மடங்கும், பைப்பைத் தரையோடு தரையாகப் படுக்கவைக்கலாம். பீரோவுக்கு அடியில் ஒரு சாண் உயரம்கூடக் கிடையாது, அங்கே போய் ஐந்து வருஷமாகக் காணாமல் போயிருந்த மகளின் கொலுசுத் திருகை எடுத்துக்கொடுத்தது. டப்பாவைக் கொட்டும்போது கிடைத்தது, இல்லையென்றால் குப்பையோடு போயிருக்கும். அதனால் இப்போதெல்லாம் கொட்டும் முன் ஒரு துழாவு.

மூலைக்கு இது ஆகாது. வேலைக்கு வரும் அக்கா முதல் நாளே சொன்னார்: "நடுவீடு சுத்தமாகும் தம்பி, மூலைக்கு வாரியல்தான்." உண்மை. பிரஷின் ஓரத்தில் முடி இருந்தாலும் சுவரோரம் ஒரு விரற்கடை விட்டுப்போகிறது. மெஷினோடு வந்த சப்பை மூக்கை மாட்டி வாரம் ஒருமுறை சுவரோரம் ஓட்டினால் சரியாகிறது. ஜன்னல் தண்டவாளத்துக்கும் அதுதான்.

நடுவில் மச்சான் ஆசையாக ஒரு டர்போ பிரஷ் வாங்கிவந்தார். உள்ளே ஒரு சின்னக் காற்றாடி, இழுக்கிற காற்றிலேயே சுற்றி, முடி வைத்த உருளையைச் சுழற்றும். கார்ப்பெட்டுக்கு அருமையாக இருக்குமாம். வெறுந்தரையில் ரவையை நாலு பக்கமும் சிதறடித்தது. என் மனைவிக்கும் மகளுக்கும் இடுப்பு வரை முடி, இரண்டே நாளில் உருளை நூற்கண்டாகிவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி எடுத்தேன். இப்போது சோபாவுக்கு மட்டும், அதுவும் விருந்தாளி வந்தால்.

மச்சான் சென்னையில் வைத்திருப்பது கம்பியில்லாத டைசன், மெத்தென்ற துணி உருளை வைத்தது. அதை இரண்டு வாரம் அங்கே தங்கியபோது ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வழவழத் தரையில் அது என் குதிரைமுடியைவிட ஒரு படி மேல். முன்பக்கம் சுவரே இல்லை, உருளையே பருப்பை உள்ளே வாரிக்கொள்கிறது, மெல்லிய தூசியையும் துடைத்த மாதிரி எடுக்கிறது. ஆனால் உருளையைக் கழுவினால் ஒரு முழு நாள் காயவேண்டும், ஈரத்தரையில் ஓட்டக்கூடாது, விலையில் என் மெஷினே நாலைந்து வாங்கலாம். அதற்காக நான் மாறப்போவதில்லை.

திருநீறும் கோலமாவும் தனிக்கதை. இரண்டுமே மாவாக நுணுங்கியவை. எந்தப் பிரஷ் மாட்டினாலும் உள்ளே போய்விடும், ஆனால் துணி ஃபில்டரை அடைத்து, மிச்சம் பின்பக்கக் காற்றோடு வெளியே வந்து அம்மாவைத் தும்ம வைத்தது. எதற்கு வாங்கினேனோ அதற்கே எதிராக. இப்போது அவற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி.

பிரஷைப் பராமரிக்க நான் கண்டுபிடித்த ஒரே ஆயுதம் பேன் சீப்பு. பழையது ஒன்றை டப்பாவிலேயே போட்டுவைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வாரிவிட்டால் சிக்கிய முடியும் நூலும் வந்துவிடும். முடி தரையில் படும்படி நிறுத்தி வைத்தால் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். முதல் வருஷம் அப்படித்தான் வைத்தேன், இடப்பக்கம் இன்னும் நிமிரவில்லை. இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

அந்த இடப்பக்கம் நன்றாகத் தேய்ந்துவிட்டது, இழுக்கும்போது பிளாஸ்டிக் உரசுகிற சத்தம் லேசாகக் கேட்கிறது. அடுத்த ஆடிக்குள் புதிது வாங்கவேண்டும். இந்தத் தடவை சக்கரத்தில் ரப்பர் சுற்றியதா என்று கேட்டுக்கொண்டுதான் வாங்குவேன். அம்மாவிடம் இன்னொரு கோரம்பாய் இல்லை.