வாடாத பிச்சி

பாறசாலையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்புக் குப்பி, தங்க நிற மூடி, மூடிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பூ. 480 ரூபாயைக் குறுக்கே அடித்து 240 என்று போட்டிருந்தது. "அக்கா, நீ தேய்த்துக்கொண்டிருந்தது இதுதானே? பாதி விலைக்கு வந்திருக்கிறது. வாங்கட்டுமா?"

ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. பதினான்கு மாதம் இந்தப் பூ எண்ணெயை முகத்தில் தேய்த்தவள் நான். போதாக்குறைக்கு, தோவாளையில் பூக் கட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்தவளின் மகள்.

2023 ஓணத்தை ஒட்டி முதல் குப்பியை வாங்கினேன். வாங்க வைத்தது பயம். கோட்டக்கல் பக்கம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்தால், பலரும் பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம் பூசியவர்களாக இருந்தார்கள் என்று அந்த ஆண்டில் செய்தி வந்துகொண்டிருந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டது. நான் இருப்பது கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை. பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கக் கடைகள். அங்கே வாங்கிய, தயாரிப்பாளர் பெயர்கூட இல்லாத ஒரு டப்பா என் அலமாரியில் பாதி காலியாகக் கிடந்தது. அன்றைக்கே எறிந்தேன். எறிந்த கையோடு, பூ என்ன செய்துவிடப் போகிறது என்று இதை வாங்கினேன்.

முதல் மூன்று மாதத்தைப் பற்றி நான் குறை சொன்னால் அது பொய். தேங்காய் எண்ணெய் இரண்டு ஸ்பூன், அதில் இது இரண்டே சொட்டு. சொட்டு ஒவ்வொன்றாக விழ மூடிக்குள் ஒரு சிறு அடைப்பு இருக்கும்; அதைக் கெடாமல் செய்திருந்தார்கள், ஒருநாளும் ஒழுகியதில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு தேய்த்துக்கொண்டு படுத்தால், பிறந்த வீட்டுத் திண்ணையில் பூக் கூடைக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி இருக்கும். மழைக் காலத்தில் மின்சாரம் போன இரவுகளில் அந்த மணத்துக்காகவே சீக்கிரம் படுக்கப் போயிருக்கிறேன். முகமும் பளபளத்தது. அலுவலகத்தில் இரண்டு பேர் "நிறம் வைத்திருக்கிறதே" என்றார்கள். நான்தான் நம்பிவிட்டேனே, அவர்களைச் சொல்லி என்ன பயன்?

ஆனால் எனக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி உண்டு. தை மாதம் முழுக்க வலது கன்னத்துக்குப் பூ எண்ணெய் கலந்தது, இடது கன்னத்துக்கு வெறும் தேங்காய் எண்ணெய் என்று மாற்றித் தேய்த்தேன். மாதக் கடைசியில் கண்ணாடி முன் நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இரண்டு பக்கமும் எண்ணெய் வடிகிறது" என்றார். 480 ரூபாய்ப் பளபளப்பும் சமையலறைப் பளபளப்பும் ஒன்றே என்று அன்றே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் நிறுத்தவில்லை. மணம் விடவில்லை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். குப்பியின் பின்பக்கத்தில் 'ஆவியில் வடித்த நூறு சதவீதத் தூய எண்ணெய்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பூவின் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். அதாவது எங்கள் பிச்சி, மல்லிகையில் ஒரு வகை. ரோஜாவையும் லாவண்டரையும் ஆவியில் வடிக்கலாம். பிச்சியை வடித்தால் மிகச் சொற்பமாகத்தான் எண்ணெய் வரும், வருவதிலும் மணம் கெட்டிருக்கும். சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கம் சென்ட் ஆலைகளுக்குப் பூ அனுப்பியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆலையில் பூவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, முதலில் மெழுகு மாதிரி ஒன்றை எடுக்கிறார்கள். அதற்குக் காங்க்ரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் அலசி மெழுகைப் பிரித்தால் மிஞ்சுவது அப்சல்யூட். வாசனைத் திரவியக்காரர்கள் விலை கொடுத்து வாங்குவது இதைத்தான்.

விலைக்கு வருவோம். ஆயிரம் கிலோ பிச்சிக்குக் காங்க்ரீட் மூன்று கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். அதில் பாதிதான் அப்சல்யூட். ஒரு கிலோ பூவுக்கு ஒன்றரை கிராம். என் குப்பி பதினைந்து மில்லி. அதை நிரப்பக் கிட்டத்தட்ட பத்துக் கிலோ பூ வேண்டும். ஓணத்துக்கு முந்தின நாள்களில் தோவாளைச் சந்தையில் பிச்சி கிலோ ஆயிரத்தைத் தாண்டும். அதை விடுங்கள், கேட்க ஆளில்லாத நாளில் கிலோ இருநூறு என்று வைத்தாலும் பூவுக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பவளின் கூலி, கரைப்பான், குப்பி, தங்க நிற மூடி எல்லாம் அதற்கு மேல். இவர்கள் 480-க்கு விற்றார்கள், இப்போது 240-க்குத் தருகிறார்கள். என்ன தருகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கணக்கை நான் போடுவதற்கு முன்பே அம்மை மூக்கால் போட்டுவிட்டாள். ஒரு பங்குனி மாதம் தோவாளைக்குப் போனபோது குப்பியைக் கொண்டுபோயிருந்தேன். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஈர வாழைநாரில் பிச்சி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டை அவள் விரலில் விட்டேன். முகர்ந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. விரலை ஒரு நார்த்துண்டில் துடைத்துச் சன்னல் கம்பியில் கட்டிவைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மறுநாள் காலையில் எடுத்து முகர்ந்தாள். அன்று சாயங்காலமும் முகர்ந்தாள். பிறகுதான் வாய் திறந்தாள். "மணம் நன்றாகத்தான் இருக்கிறது, மக்களே. ஆனால் இந்தப் பூவுக்குச் சாவே இல்லையே."

பூ விற்காத வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பிச்சி பறித்தவுடன் அடங்கிவிடும் பூ இல்லை. பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் பிரான்சில் இந்த இனப் பூவைக் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டுகளில் பரப்பிவைத்து மணத்தைப் பிடித்ததும் அதனால்தான். சாயங்கால மொட்டுக்குப் பச்சை வாடை. இராத்திரி விரிந்தபின் தலை கிறங்கும். விடிந்து வாடத் தொடங்கினால் அதே மணத்துக்கு அடியில் லேசாக ஓர் அழுகல் எழும். அது இண்டோல் என்ற பொருளின் வேலை. நல்ல அப்சல்யூட்டில் அந்த அழுகலும் இருக்கும். என் குப்பியில் இல்லை. அது என்றைக்கும் இரவு எட்டு மணிப் பிச்சி. நான் அதை விரும்பியதும் அதற்காகத்தான் என்பது வேறு விஷயம்.

பத்தாம் மாதம் சோம்பல் வந்தது. தேங்காய் எண்ணெயில் கலக்காமல் இரண்டு சொட்டை நேராகவே தாடைக்கும் கழுத்துக்கும் தடவத் தொடங்கினேன். குப்பியிலும் 'நேரடியாகத் தடவலாம்' என்றுதான் இருந்தது. மூன்று வாரத்தில் தாடை ஓரம் அரித்தது. வியர்வை என்று நினைத்தேன். அரிப்பு அடங்கியதும் அங்கே சாம்பல் கலந்த கறுப்பாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு திட்டு. கறுப்பைப் பார்த்ததும் நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது: வெளுக்கட்டும் என்று அதன்மேல் இன்னும் நான்கு மாதம் அதே எண்ணெயைத் தேய்த்தேன்.

நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, கிண்ணத்துக்கு ஒரு பொருளாக வைத்து, முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களை ஒட்டி அனுப்பினார். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. அது முடிந்து கழற்றிப் பார்த்து, மறுபடியும் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். எல்லாச் சதுரமும் சுத்தமாக இருக்க, ஒன்று மட்டும் சிவந்து தடித்திருந்தது. வாசனைக் கலவை. அதில் எட்டு வாசனைப் பொருள்கள். அவற்றில் ஒன்று அமைல் சின்னமால், மல்லிகை மணத்துக்காகச் சோப்பிலும் சென்டிலும் போடும் செயற்கைச் சரக்கு. எட்டில் எது என்னைக் கடித்தது என்று பிரித்துப் பார்க்க இன்னொரு சோதனை வேண்டும் என்றார். செலவை நினைத்து விட்டுவிட்டேன்.

சரி, அசல் பிச்சி அப்சல்யூட்டாக இருந்தால் தப்பித்திருப்பேனா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஜப்பானில் 1970-களில் பெண்கள் பலருக்கு முகம் சாம்பல் கறுப்பாகப் படர்ந்ததாம். அழகுசாதனங்களில் என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடியபோது, அகப்பட்ட வாசனைப் பொருள்களில் மல்லிகை அப்சல்யூட்டும் இலங்-இலங் பூ எண்ணெயும் இருந்தன. அசல், போலி என்ற என் பஞ்சாயத்து தோலுக்குத் தேவையில்லை. நம் நிறத் தோல் எதனால் புண்பட்டாலும் கறுத்துத்தான் ஆறும் என்றார். எண்ணெயை நிறுத்து, வெயிலுக்குப் போகுமுன் சன்ஸ்கிரீன் போடு, பொறுத்திரு. அவ்வளவுதான் வைத்தியம். எட்டு மாதமாகிறது. திட்டு மங்கியிருக்கிறது, ஆனால் போகவில்லை. கல்யாண ஆல்பத்தில் என் இடது பக்கத்தைத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும்.

வெளுப்பு என்ற சொல்லின் மேலேயே எனக்கு இப்போது கோபம். தமிழில் துணியை வெளுப்போம், சாயம் வெளுக்கும், முகம் வெளுத்தால் சோகையா என்று கண் இமையை இழுத்துப் பார்ப்போம். களியக்காவிளையைத் தாண்டினால் அதே வெளுப்பு அழகு. இந்தப் பக்கம் யோக்கியம் என்று சொல்லவில்லை. இங்கே அதையே 'சிவப்பு' என்கிறோம், அவ்வளவுதான். 2020-ல் பெரிய க்ரீம் ஒன்று பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது. என் குப்பியிலும் 'பொலிவு' பெரிய எழுத்தில். 'நிற மேம்பாடு' பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த கால் குப்பியை எறிய மனம் வரவில்லை. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, துணியில் படாமல் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துப் பட்டுப்புடவை அடுக்கின் மூலையில் போட்டேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் இரவு எட்டு மணிப் பிச்சி. நான்கு மாதமாகியும் குறையவில்லை. அப்சல்யூட்டோ செயற்கைச் சரக்கோ, அதைக் கலக்கியவனுக்கு மூக்கு இருந்திருக்கிறது.

பாறசாலைக்கு நேற்று இரவு பதில் அனுப்பினேன். "முகத்துக்கு வேண்டாம் மோளே. கழுத்துக்கும் வேண்டாம். கலக்காமல் தடவவே தடவாதே. நூறு சதவீதம் என்று போட்டிருப்பது நூறு சதவீதம் பொய். கல்யாணத்தன்று தலை நிறையப் பிச்சி வைத்துக்கொள், அம்மை கட்டி அனுப்புவாள்."

அனுப்பிவிட்டுப் படுத்தவள், மறுபடியும் எழுந்து இன்னொரு வரி தட்டினேன்.

"240 என்பது எதுவரைக்கும்? எனக்கு ஒன்று போட்டுவிடு."