18 பவுண்டு விலைக்கு சிபிஎல் ஃபில்டர்: தூறல்ல சூப்பர், ஆனா மஞ்சளடிக்குது

ஆன்லைன்ல வாங்குன 67 எம்எம் சிபிஎல், அதாவது லென்ஸ் முன்னாடி மாட்டித் திருப்புனா மினுமினுப்பக் கொறைக்கிற போலரைசர் கண்ணாடி, பிராண்ட் பேர் வேணாம் விட்டுடுறேன். எல்லாரும் இத நீல வானத்துக்குத்தான் வாங்குவாங்க, நான் வாங்குனது பேரிஸ் மலைக்கு. பிரான்ஸ் பாரிஸ் இல்லங்க, வேல்ஸ்ல ஆங்கிள்சி தீவுல அம்லுக் ஊர் பக்கத்துல இருக்குற பழைய செம்புச் சுரங்கம். 1768ல பெரிய தாது கெடச்சு, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள ஐரோப்பாவுலயே பெரிய செம்புச் சுரங்கம் ஆயிடுச்சு, மரக்கப்பலுக்கு அடில அடிக்கிற செம்புத் தகடுக்கு அப்ப அவ்ளோ கிராக்கி. வெடிமருந்தும் கைவேலையுமா தோண்டுன பள்ளம் இப்ப சும்மா கெடக்கு, எட்டிப் பாத்தா மஞ்சப்பொடி, காவி, செங்கல், கத்திரிப்பூ கலர்னு யாரோ மூட்டை மூட்டையா கொட்டி வச்ச மாதிரி இருக்கு, பெரும்பாலும் இரும்புத் துரு பண்ற வேலைதான்.

நான் போன அன்னிக்கு தூறல். ஃபில்டர் இல்லாம எடுத்தா ஈரப்பாறை எல்லாம் எண்ணெய் தடவுன மாதிரி வெள்ளையா மினுங்குது, கலரே காணோம். மாட்டிட்டு ஃபில்டரோட ரிங்க மெதுவா திருப்புனேன், மினுமினுப்பு எறங்கி அடில இருந்த காவி அப்டியே மேல வருது, இதுக்கே காசு சரியாப் போச்சு. ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல வெளிச்சத்த முழுங்கிடும், மேகமூட்டத்துல ட்ரைபாட் இல்லாம முடியாது. நடுவுல பத்து நிமிஷம் வெயில் வந்துச்சு, 16 எம்எம் வைட் லென்ஸ்ல வானம் ஒரு பக்கம் கருப்பு ஒரு பக்கம் வெளுப்பு, வைட் லென்ஸ்ல எந்த சிபிஎல் போட்டாலும் இந்தத் தொல்லை உண்டு.

அங்க பழைய குட்டைங்க இருக்கு, செம்பு கரைஞ்ச தண்ணில இரும்புத் துண்டப் போட்டு செம்ப இரும்பு மேல படிய வச்சு சொரண்டி எடுப்பாங்களாம், அதுக்குக் கட்டுனது. அங்க ரிங்க முழுசா திருப்பிடாதீங்க, வானத்தோட பிம்பம் போனா வெறும் சேத்துக்குழிதான் தெரியும், பாதில நிறுத்துங்க.

கடுப்பானது வீட்டுக்கு வந்து ரா ஃபைல (கேமரா பதிஞ்ச பதப்படுத்தாத படம்) தொறந்தப்பதான். வெள்ளை டிஷ்யூ பேப்பர ஃபில்டரோட ஒண்ணு இல்லாம ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன், ஃபில்டர் போட்டதுல லேசா மஞ்சள். கல்யாண போட்டோன்னா சமாளிச்சுடலாம், இங்க மஞ்சளே மண்ணோட கலர், எது பாறையோட மஞ்சள் எது ஃபில்டர் கண்ணாடியோட மஞ்சள்னு எப்டி பிரிக்கிறது? அந்த டிஷ்யூவ வச்சுத்தான் ஒவ்வொரு படமா சரி பண்ணேன். வொயிட் பேலன்ஸ (வெள்ளைய வெள்ளையாக் காட்டுற கேமரா செட்டிங்) ஆட்டோல மட்டும் விட்டுடாதீங்க, ஃப்ரேம் முழுக்க செவப்பா இருந்தா கேமரா அத அடக்கறேன்னு நீலத்த ஏத்தி விடுது, டேலைட்ல வச்சதுதான் கண்ணுக்கு பாத்த மாதிரி வந்துச்சு.

இதுல ஃபில்டர் ரிங்கும் லென்ஸ்லயே இறுகிப்போச்சு, ரப்பர் பேண்ட சுத்தி திருகுனப்புறம்தான் வந்துச்சு. அஞ்சுக்கு மூணு மார்க். கூட குடுத்த துடைக்கிற துணிய ஞாபகமில்லாம பாறை மேல வச்சுட்டேன், ரெண்டு வாட்டி தொவச்சும் அந்தக் காவிக் கறை போகல, இப்ப சைக்கிள் துடைக்க வச்சிருக்கேன்.