கடலில் கணினி எப்படிப் போரிடுகிறது? சிவிலைசேஷன் 4, 5, ஃப்ரீசிவ்

முறைமாற்றி ஆடும் வியூக விளையாட்டுகளில் கணினி எதிராளியின் திறமையை அறிய எனக்கு ஒரே சோதனை போதும். தீவுகள் நிறைந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எதிராளி என் கரையில் படை இறக்குகிறதா என்று பார்ப்பேன். மதுரை அண்ணா நகரில் எங்கள் நண்பர் குழு ஞாயிறுதோறும் ஆடும் சிவிலைசேஷன் 4, 5, ஃப்ரீசிவ் ஆகிய மூன்று விளையாட்டுகளும் தரைப்போரை ஓரளவு சமாளிக்கின்றன. தண்ணீரில்தான் சாயம் வெளுக்கிறது.

என் வாக்கு சிவிலைசேஷன் 4க்கே; அதுவும் 2007இல் வந்த ‘பியாண்ட் தி சோர்ட்’ விரிவாக்கத்தோடு (மூல விளையாட்டோடு சேர்த்து ஆடும் கூடுதல் தொகுப்பு) ஆடினால். ரசிகர்கள் செம்மைப்படுத்திய கணினி மூளையை ஏற்றுக்கொண்ட விரிவாக்கம் அது. ஒரே கட்டத்தில் எத்தனை படைப்பிரிவுகளும் நிற்கலாம் என்ற விதி கணினிக்குப் பெரிய வசதி. துறைமுகத்தில் படையைத் திரட்டும். கேலியன் என்ற பாய்மரக் கப்பலில் மூன்று, பிற்காலத்து டிரான்ஸ்போர்ட் கப்பலில் நான்கு படைப்பிரிவுகள் என்று ஏற்றும். போர்க்கப்பல்களைத் துணைக்கு அனுப்பி, நகரத்தை ஒட்டி மொத்தமாக இறக்கும். கொற்கை என்று பாண்டியர் துறைமுகத்தின் பெயரைச் சூட்டி நான் வளர்க்கும் கரையோர நகரத்துக்கு எப்போதும் கூடுதல் காவல் போடுவது இதனால்தான். எந்த நாட்டுடையது என்று தெரியாத தனியார் கொள்ளைக் கப்பல்களும் துறைமுகத்தை முற்றுகையிட்டு வருமானத்தைக் குறைக்கும். இங்கே கடற்படை இல்லாமல் நிம்மதி இல்லை.

2010இல் வந்த சிவிலைசேஷன் 5 போக்குவரத்துக் கப்பலையே நீக்கிவிட்டது. உரிய தொழில்நுட்பம் கற்றதும் தரைப்படை தானே கடலில் இறங்கும். மனிதருக்கு இது எளிது; கணினிக்கோ இதுவே வினை. ஒரு கட்டத்துக்கு ஒரே போர்ப்படை என்பதால் பத்துப் படைகளுக்குப் பத்துக் கட்டங்கள் வேண்டும். குறுகிய நீரிணையில் அவை ஒன்றையொன்று மறித்துக்கொள்கின்றன; காவல் கப்பல் பின்னே வர, தாக்கும் வலிமையற்ற தரைப்படை முன்னே மிதந்து வந்து மூழ்குகிறது. அந்தக் காட்சியை என்னால் ரசிக்க முடிவதில்லை. ஆனால் 2012இன் ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ விரிவாக்கத்தில் நெருங்கிப் போரிடும் கப்பல்களே கரையோர நகரங்களைக் கைப்பற்றலாம் என்றானது. ஃபிரிகேட் எனும் பீரங்கிக் கப்பல்கள் தொலைவிலிருந்து சுட்டுத் தளர்த்த, இன்னொரு கப்பல் உள்ளே நுழையும்போது கணினி உண்மையிலேயே அச்சுறுத்துகிறது.

ஃப்ரீசிவ் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1995இல் தொடங்கியது. இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். நிரல் முழுவதும் திறந்து கிடப்பதால், கடல் கடக்க விரும்பும் படைக்குக் கணினி எப்படிப் படகு ஒதுக்குகிறது என்பதை நாமே படிக்கலாம். ஆனால் எங்கள் ஆட்டங்களில் அது படகு படகாகவே வந்திருக்கிறது. பெரும்படையாகத் திரண்டு வந்ததில்லை.

கணினியில் ஏற்கெனவே சிவிலைசேஷன் 5 இருப்பவர்கள், எல்லா விரிவாக்கங்களும் கைவசம் இருந்தால், ரசிகர்கள் உருவாக்கிய ‘வாக்ஸ் பாப்புலி’ என்ற மாற்றத் தொகுப்பை (மாட்) நிறுவிப் பாருங்கள். கணினியின் போர்த் தந்திரங்கள் அதில் பெருமளவு திருத்தி எழுதப்பட்டிருக்கின்றன. புதிதாக வாங்குவோர் சிவிலைசேஷன் 4இலிருந்தே தொடங்கலாம்.