உறுமலை நிறுத்தித் தருகிறேன் என்பவரிடம் நாயை விடாதீர்கள்

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு 18,000 ரூபாய் போனது. அதைக்கூட விடுங்கள், அப்பாவின் வலது கையில் இரண்டு பல் ஆழமாக இறங்கியது.

எங்கள் கருப்பி தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். மூன்று வயது. போன தீபாவளிக்கு அப்புறம் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனாலே உறுமத் தொடங்கினாள். வெடிச் சத்தத்தில் மிரண்டிருக்கிறாள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். முதலில் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு பயிற்சியாளர் வந்தார். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். 12 வகுப்பு, பணம் மொத்தமும் முன்கூட்டியே. 2009இல் வாங்கிய சான்றிதழை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன்.

“சார், நாய்க்கு ஓநாய் புத்தி. வீட்டுக்கு யார் தலைவன்னு அதுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நீங்கதான் ஆல்பான்னு காட்டணும்” என்றார். காட்டுவது எப்படி என்றால், மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும். உறுமினால் உள்பக்கம் முள் வைத்த சங்கிலியைச் சுண்டி இழுக்க வேண்டும். மூன்றாவது வாரம் உறுமல் சுத்தமாக நின்றுவிட்டது. கைராசிக்காரர் என்று அம்மா அவருக்கு ஃபில்டர் காபியெல்லாம் போட்டுக் கொடுத்தாள்.

பொங்கல் முடிந்த வாரம். அப்பா பேப்பர் படித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் பக்கத்தில் படுத்திருந்தவளின் காதைச் சொறிந்தார். உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை, நேராகக் கடி. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடினோம்.

மறுநாள் கருப்பியை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் காதுக்குள் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: உள்ளே சீழ், பல வாரத்து வலி. சென்னைப் புழுக்கத்தில் நாய்களுக்குக் காதுப் புண் வருவது சகஜமாம். வலிக்கிறது, தொடாதே என்று அவள் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லியிருக்கிறாள். நாங்கள் காசு கொடுத்து அவள் வாயை அடைத்திருக்கிறோம். வலி அப்படியே இருந்தது, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது.

அப்புறம்தான் விலங்கு நடத்தை தெரிந்த ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்தோம். ஆல்பா என்று நான் ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். 1947இல் ஷென்கெல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கதையாம் அது. 1970இல் வந்த தன் புத்தகத்தால் அதைப் பரப்பிய டேவிட் மெக் என்பவரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999இல் கட்டுரை எழுதித் திருத்திக்கொண்டார். நாய்களை அடக்கி ஆளும் முறையில் திருத்தப் பார்ப்பது ஆபத்து என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் விலங்கு நடத்தைச் சங்கம் 2008இலேயே அறிக்கை விட்டிருக்கிறது. நம் ஆள் சான்றிதழ் வாங்கியது அதற்கு அடுத்த வருஷம்!

அந்தப் பெண்மணி வைத்திருப்பது, நாய்ப் பயிற்சியாளர்களுக்குப் பரீட்சை வைக்கும் சிசிபிடிடி (CCPDT) என்ற அமைப்பின் சான்றிதழ். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 36 கிரெடிட் அளவுக்குப் புதிதாகப் படித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பரீட்சை எழுத வேண்டும். இங்கே கால்நடை மருத்துவர் என்றால் கவுன்சிலில் பதிவு வேண்டும். நாய்ப் பயிற்சியாளர் என்று போர்டு மாட்ட ஒரு விசிலும் சங்கிலியும் போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பதினஞ்சு வருஷமா இதே மெத்தட்தான் சார், ஒருத்தர் குறை சொன்னதில்லை” என்றார். “இதே மெத்தட்” என்பதை அவர் பெருமையாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. நடக்காத வகுப்புகளுக்கு என்று 4,000 அனுப்பினார். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடுவதாக இருந்தால், கடைசியாக எப்போது, என்ன படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சான்றிதழில் இருக்கும் வருஷத்தைப் பாருங்கள். நாய் உறுமினால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். டாக்டரிடம் காட்டினீர்களா என்று அவராகக் கேட்காவிட்டால் காபியோடு அனுப்பிவிடலாம். நீங்கள் உள்ளே போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பவருக்குக் காபிகூட வேண்டாம்.

காது ஆறிவிட்டது. ஆனால் கேட்டில் சங்கிலிச் சத்தம் கேட்டால் கருப்பி இன்னும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். நேற்று காதைத் துடைக்கப் போனபோது, இத்தனை மாதத்துக்கு அப்புறம், லேசாக உறுமினாள். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அப்பாவுக்குத்தான் அவ்வளவு சந்தோஷம்.