எலக்ட்ரோக்ரோமிக் என்று பேசி, பால்வெள்ளைப் படலத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள்: கட்டடம் கட்டுபவர்கள் கவனத்துக்கு

மேற்குப் பார்த்த அலுவலக முகப்பு. பேச்சுவார்த்தை முழுக்க எலக்ட்ரோக்ரோமிக் கண்ணாடி, அதாவது மின்சாரத்தால் கறுத்து வெயிலைத் தடுக்கும் கண்ணாடி என்றே நடந்தது. வந்து இறங்கியது பி.டி.எல்.சி. படலம். இருந்த கண்ணாடியின் உட்புறத்தில் அதை ஒட்டி, சுவிட்சைத் தட்டிக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெயில் ஏறியதும் ஏசியின் சுமை குறையவில்லை, கண்கூச்சம் கூடியது. கேட்டால், "பில்லில் ஸ்மார்ட் கிளாஸ் என்றுதானே இருக்கிறது" என்று பதில். ஸ்மார்ட் கிளாஸ் என்ற பெயரில் நாலைந்து வேறு வேறு சரக்குகள் விற்கின்றன. ஆர்டரில் தொழில்நுட்பத்தின் பெயரையும் அளவுகளையும் எழுதி வாங்காதவருக்குச் சண்டை போடப் பிடிமானம் குறைவு.

பி.டி.எல்.சி. என்பது பாலிமருக்குள் சிதறிக் கிடக்கும் திரவப் படிகத் துளிகள். மின்சாரம் பாய்ந்தால் தெளியும், நின்றால் பால்போல் வெளுக்கும். வெளுத்த நிலையிலும் வெயிலின் பெரும்பகுதி உள்ளேதான் வருகிறது, சிதறி வருகிறது என்பது மட்டுமே வித்தியாசம். நேர்வெயில் பட்டால் கண்ணாடி முழுவதும் ஒளிர்ந்து கண்ணைக் குத்தும். கூட்ட அறையின் உள்தடுப்புக்கு அது நல்ல பொருள், வெயில் முகப்புக்கு அல்ல. எலக்ட்ரோக்ரோமிக்கில் டங்ஸ்டன் ஆக்சைடு பூச்சுக்குள் லித்தியம் அயனிகள் புகும்போது கண்ணாடி நீலமாகக் கறுத்து ஒளியை உறிஞ்சுகிறது. தரமான சரக்கில் ஒளி கடத்தல் ஏறக்குறைய 60 சதவீதத்திலிருந்து 1 சதவீதம் வரை இறங்கும். எஸ்.எச்.ஜி.சி., அதாவது கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயில் வெப்பத்தின் பங்கு, 0.4 அளவிலிருந்து 0.1-க்கும் கீழே போகும்.

எது கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும். மின்சாரத்தைத் துண்டியுங்கள். உடனே வெளுத்தால் பி.டி.எல்.சி., உடனே கறுத்தால் எஸ்.பி.டி. (மிதக்கும் நுண்துகள்களால் ஒளியை மறைக்கும் இன்னொரு வகை), இருந்த நிறத்திலேயே நின்றாலோ மெல்ல மெல்லத் தெளிந்தாலோ எலக்ட்ரோக்ரோமிக். அடுத்து நேரம்: ஒரு நொடிக்குள் மாறும் பெரிய கண்ணாடி எலக்ட்ரோக்ரோமிக்காக இருக்க வாய்ப்பில்லை, அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். கடைசியாக, கண்ணாடிக்குப் போகும் கம்பியில் எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட் டிசி (நேர்மின்னோட்டம்) வந்தால் சரி. பல பத்து வோல்ட் ஏசி (மாறுமின்னோட்டம்) வந்தால் சொன்னது பொய்.

அசல் சரக்கு என்று உறுதியானாலும் மாதிரியைக் காட்டி ஏமாற்றுவது தனிக் கலை. உள்ளங்கை அகல மாதிரி சட்டென்று கறுக்கும். ஒன்றரை மீட்டர் அகலக் கண்ணாடி 20 நிமிடம்கூட எடுக்கும். மின்னழுத்தம் இரு ஓரத்திலும் உள்ள பஸ்பார் என்ற உலோகப் பட்டைகள் வழியாகத்தான் நுழைகிறது. ஒளி ஊடுருவும் கடத்திப் பூச்சுக்கு மின்தடை அதிகம் என்பதால் நடுப்பகுதிக்குக் குறைவாகவே போய்ச் சேரும், அதனால் ஓரம் முதலில் கறுத்து நடு பின்தங்கும். வேகம் வேண்டும் என்று கண்ணாடியை இயக்கும் கன்ட்ரோலரில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஓரத்துப் பூச்சு சீக்கிரம் கெடும். குளிரில் அயனிகள் நகர்வதும் மந்தமாகும். ஆகவே உங்கள் கட்டடத்தின் மிகப் பெரிய கண்ணாடிக்கு, மிகக் குறைந்த வெப்பநிலையில், கறுக்கவும் தெளியவும் எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் கேளுங்கள். இடைநிலைகளுக்கான அளவுகளையும் கேளுங்கள், டேட்டாஷீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது முழுக் கறுப்பின் எண் மட்டுமே. சூரியன் நேரே கண்ணில் படும் மேசைகளுக்கு ஒளி கடத்தல் 1 சதவீதமாக இறங்க வேண்டும். 5 சதவீதத்தில் நின்றுவிடும் கண்ணாடிக்குப் பின்னால் திரையும் வாங்க வேண்டிவரும்.

உறிஞ்சிய வெயில் கண்ணாடியைச் சூடாக்கும். அதனால்தான் பூச்சு இரட்டைக் கண்ணாடி யூனிட்டின் வெளிக்கண்ணாடியில், உள்முகத்தில் இருக்க வேண்டும். நடு இடைவெளி வெப்பத்தைத் தடுத்து வெளியே தள்ளும். அந்தக் கண்ணாடி வெப்பத்தால் வலுவூட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் பாதி நிழலும் பாதி வெயிலும் விழுந்தால் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும்.

அதிகம் பழுதாவது வயர் வேலை. கம்பி யூனிட்டின் ஓரச் சீலைத் துளைத்து வெளியே வருகிறது. அங்கே இழுபட்டால் ஈரம் புகும், பூச்சு போய்விடும். மழைநீர் வடியும் ஃபிரேமின் அடிப்பள்ளத்தில் கனெக்டரைப் போட்டுவிட்டுப் போகிற ஆட்களை விடாதீர்கள், அது மேலேயோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். அலுமினியத் துளைகளில் ரப்பர் வளையம் இல்லையென்றால் கம்பி உரசி அறுபடும். குறைந்த மின்னழுத்தம் ஓடும் கம்பி நீண்டால் முனைக்குப் போதிய வோல்ட் வராது, அந்தக் கண்ணாடி மட்டும் வெளிறி நிற்கும். கன்ட்ரோலர் எத்தனை மீட்டருக்கு அனுமதிக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். கண்ணாடி போடுபவரும் எலக்ட்ரீஷியனும் வேறு வேறு கான்ட்ராக்டர் என்றால் பழுது வந்ததும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். ஒரே பொறுப்பாளரை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சான்றிதழில் ஏ.எஸ்.டி.எம். ஈ 2141 அல்லது ஐ.எஸ்.ஓ. 18543 முதுமைச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். முதலாவதில் கறுத்துத் தெளிவது 50,000 சுற்று வரை போகும், தினம் நாலைந்து முறை மாறினால் 30 ஆண்டுக் கணக்கு. வாரண்டியில் கண்ணாடி விலை மட்டுமா, அனுப்பும் செலவும் கழற்றி மாட்டும் கூலியும் சேர்த்தா என்று பாருங்கள். அந்தச் செலவு சிறியதல்ல: இந்தக் கண்ணாடியைத் தயாரித்த அமெரிக்காவின் வியூ நிறுவனம் பழுதான ஜன்னல்களை மாற்றும் வகையில் 2.8 கோடி டாலர் வாரண்டிப் பொறுப்பை வெளியிடவில்லை என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 2023-ல் குற்றம் சாட்டியது. 2024-ல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆகவே சப்ளையரின் சர்வர் இல்லாமலும் சுவரிலுள்ள சுவிட்சில் இயங்குமா, கட்டட நிர்வாக அமைப்போடு பேக்நெட் (கட்டடக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) வழியாக இணையுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு கண்ணாடியையும் மேலே ஏற்றும் முன் தரையிலேயே முழுக்கக் கறுக்க வைத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் பூச்சில் உள்ள ஊசித்துளைகள் வெளிறிய வட்டங்களாகத் தெரியும், தெளிந்த நிலையில் அவை கண்ணில் படாது. பொருத்தியபின், மூடிப்பட்டை அடிக்கும் முன் இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் சில உபரி யூனிட்டுகளும் வாங்கி வையுங்கள், பின்னால் வருவது நிறம் ஒத்துப்போகாது. கடைசித் தவணையை வெயில் காலம் ஒன்று கடந்த பிறகுதான் கொடுங்கள்.