ஒரு கப்பல், ஐந்து மாலுமிகள்: ஸ்பேஸ் என்ஜினியர்ஸ் விளையாட்டைக் கூட்டாக ஆடிப் பார்த்த மதிப்பீடு

பெங்களூரில் அல்சூர், ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று மூன்று மூலைகளில் குடியிருக்கும் நாங்கள் ஐந்து பேர், சனிக்கிழமை இரவுகளில் ஒரே கப்பலில் ஏறிப் பயணம் போக வேண்டும் என்பதற்காகவே, விண்வெளிக் கப்பல்களைக் கட்டி ஓட்டும் கணினி விளையாட்டான ஸ்பேஸ் என்ஜினியர்ஸை வாங்கினோம். ஆகவே இது முழு விளையாட்டைப் பற்றிய மதிப்பீடு இல்லை. பலர் சேர்ந்து கட்டி, பலர் சேர்ந்து ஓட்டும் கப்பலுக்கு இந்த விளையாட்டு எவ்வளவு இடம் தருகிறது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செக் நாட்டின் பிராக் நகரில் இயங்கும் கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் உருவாக்கிய இது, 2013 அக்டோபரில் முன்னோட்டப் பதிப்பாக வந்து, 2019 பிப்ரவரியில் முழுப் பதிப்பானது. பெரிய கப்பல்களுக்கு 2.5 மீட்டர் அளவுள்ள பிளாக்குகளும் (கட்டுமானத் துண்டுகள்), சிறிய கலங்களுக்கு அரை மீட்டர் பிளாக்குகளும் உண்டு. தாதுவைத் தோண்டி, உருக்கி, தகடும் மோட்டாரும் கணினிப் பாகமுமாக மாற்றி, வெல்டரைக் கையில் பிடித்து ஒவ்வொரு பிளாக்காகப் பற்றவைக்க வேண்டும். கட்டும் வேலையில் கூட்டு முயற்சிக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் கப்பலுக்கு, கப்பல் என்றே பொருள்படும் ‘வங்கம்’ என்ற பழைய தமிழ்ப் பெயரையே வைத்தோம். நூறு மீட்டர் நீளமுள்ள அதன் உடலை எழுப்ப ஐந்து பேருக்கும் ஆறு வாரம் வேலை இருந்தது.

சிக்கல் கட்டி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. காக்பிட்டில் அமர்ந்த ஒருவரே கப்பலைத் திருப்பலாம், ஆயுதங்களைச் சுடலாம், கதவுகளைத் திறக்கலாம், நெடுந்தூரத்தை ஒரே தாவலில் கடக்கும் ஜம்ப் டிரைவை இயக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது இடங்கள் வீதம் ஒன்பது பக்கங்கள் கொண்ட ஹாட்பார் (குறுக்குவிசைப் பட்டை) ஒரே இருக்கைக்குக் கிடைப்பதால், கப்பலின் அத்தனை உறுப்புகளும் ஒருவர் விரல்நுனிக்கு வந்துவிடுகின்றன. டர்ரட்டுகள் என்னும் சுழல் துப்பாக்கிகள் எதிரியைத் தாமாகவே குறிபார்த்துச் சுடும். 2023இல் வந்த தானியங்கிப் பிளாக்குகள், கப்பலை ஓட்டும் மீகாமனின் வேலையைக்கூட ஓரளவு எடுத்துக்கொள்கின்றன. தனியாக ஆடுபவருக்கு இவையெல்லாம் வரம்தான். ஐந்து பேர் ஏறிய கப்பலிலோ நால்வர் பயணிகளாகி ஜன்னலோரம் நிற்கிறார்கள். எங்கள் முதல் இரண்டு பயணங்களும் அப்படித்தான் கழிந்தன.

ஆனாலும் இந்த விளையாட்டை நான் மனதார விரும்புவதற்குக் காரணம், மாலுமிகளுக்கான வேலையை நாமே வடிவமைத்துக்கொள்ளத் தேவையான கருவிகளெல்லாம் அதற்குள்ளேயே இருப்பதுதான். ஒவ்வொரு இருக்கைக்கும் தனி ஹாட்பார் உண்டு. கப்பலை உந்தும் இயந்திரங்களான த்ரஸ்டர்களை எந்த இருக்கை இயக்கலாம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். நாங்கள் மீகாமனின் இருக்கையில் திசைதிருப்பலை மட்டும் விட்டுவைத்தோம். ரியாக்டர், பேட்டரி, ஜம்ப் டிரைவ் ஆகியவற்றைக் கப்பலின் நடுவயிற்றில் ஓர் அறைக்குக் கொண்டுபோனோம். பெரிய கப்பல்களைத் தாமாகக் குறிபார்க்கும் வசதியை டர்ரட்டுகளில் அணைத்துவிட்டு, ஏவுகணைகளைத் தடுக்கும் வசதியை மட்டும் விட்டோம். இரண்டு கிலோமீட்டர் வரை எட்டும் பீரங்கி டர்ரட்டை இயக்க ஓர் ஆள் அதற்கென்றே அமர வேண்டியதாயிற்று.

இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது எரிபொருள். அயன் த்ரஸ்டருக்கு மின்சாரம் போதும். ஹைட்ரஜன் த்ரஸ்டரோ தொட்டியிலிருந்து கன்வேயர் குழாய் வழியாக வாயு வந்தால்தான் எரியும். ஆனால் பெரிய அயன் த்ரஸ்டர் 4.32 மெகாநியூட்டன் உந்துவிசை தரும் இடத்தில் பெரிய ஹைட்ரஜன் த்ரஸ்டர் 7.2 மெகாநியூட்டன் தரும். நாங்கள் ஹைட்ரஜனைத் தேர்ந்தெடுத்து, கப்பலின் முதுகெலும்புபோல ஒரே நீண்ட குழாயை ஓடவிட்டோம். பாதுகாப்பைப் பார்த்தால் இது மோசமான வடிவமைப்பு என்பதை அறிந்தே செய்தோம், ஏனென்றால் ஒரு குண்டு அந்தக் குழாயை அறுத்தால்தான் கப்பலுக்குள் ஓடிப்போய்ச் செய்ய ஒரு வேலை பிறக்கும்.

மூன்றாம் பயணத்தில் அது நடந்தது. கொள்ளையர் கப்பலொன்றின் குண்டு இடப்பக்கத் தகடுகளைத் துளைத்து உள்ளே வந்ததும், “அண்ணா, பின்னாடி இன்ஜின் எல்லாம் நின்னுபோச்சு, கப்பல் திரும்புது, முன்னாடி போக மாட்டேங்குது” என்று மீகாமனின் குரல் ஹெட்போனில் வந்தது. நடுவறையின் காற்று வெளியேறிவிட்டதால் எல்லோரும் ஹெல்மெட்டை மூடிக்கொண்டோம். எங்கள் பொறியாளர் புரொஜெக்டரை இயக்கினார். அது கப்பலின் மூல வரைபடத்தைக் கப்பலின் மீதே நிழலாகக் காட்டுவதால், எந்தெந்த பிளாக் காணாமற்போயிற்று என்பது ஒரே பார்வையில் புலப்பட்டது. ஒருவர் சரக்கறையிலிருந்து பாகங்களை எடுத்துத் தர, இன்னொருவர் பற்றவைக்க, பீரங்கியில் இருந்தவர் எதிரியை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள, நான்கு நிமிடத்தில் இயந்திரங்கள் மீண்டும் எரிந்தன. அந்த நான்கு நிமிடங்களுக்கு இணையான ஒன்றை வேறெந்த விளையாட்டிலும் நான் அனுபவித்ததில்லை, ஏனென்றால் அறுந்த குழாயின் ஒவ்வொரு வளைவையும் எங்களில் யாரோ ஒருவர் தம் கையால் வைத்திருந்தார்.

பல்சர்: லாஸ்ட் காலனி விளையாட்டில் கேப்டன், பைலட், விஞ்ஞானி, ஆயுத வல்லுநர், பொறியாளர் என்று ஐந்து பொறுப்புகள் முதலிலேயே பிரிந்துகிடக்கின்றன. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனிக்கடலில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டும் பாரோட்ராமாவிலும் ஒவ்வொருவருக்கும் தொழில் உண்டு. பதினாறு பேர் வரை ஆடலாம். கூடி ஓட்டுவது மட்டுமே நோக்கமென்றால் இவ்விரண்டும் முதல் மணி நேரத்திலேயே அதைத் தந்துவிடும். ஸ்பேஸ் என்ஜினியர்ஸில் அந்த இடத்துக்கு வர எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் நாமே கட்டிய கலம் என்ற உணர்வு அவ்விரண்டிலும் இவ்வளவு ஆழமாக வருவதில்லை.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை சில எச்சரிக்கைகள். நீண்டு சுருங்கும் பிஸ்டன், சுழலும் ரோட்டர் ஆகியவற்றை அளவோடு வையுங்கள்; அவை கூடக்கூட, எல்லோரும் இணையும் கணினியான சர்வர் விளையாட்டை இயக்கும் வேகம் குறைந்து, எல்லோருக்கும் கப்பல் ஊர்வதாகத் தெரியும். ஒயிட்ஃபீல்டு நண்பரின் வீட்டுக் கணினியே எங்கள் சர்வர். மழையிரவில் மின்சாரம் போனால் பயணமும் நின்றுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்வதால் பெரிய இழப்பு நேர்ந்ததில்லை என்றாலும், இப்போது அவர் அதற்கென்று ஒரு யு.பி.எஸ். வைத்திருக்கிறார். வினாடிக்கு நூறு மீட்டர் என்ற வேக வரம்பு சிலருக்குச் சலிப்பூட்டலாம். ஓடும் கப்பலுக்குள் எழுந்து நடப்பவர்களுக்கு அது போதும் என்பது என் கருத்து.

2025 ஜனவரியில் முன்னோட்டமாக வந்த ஸ்பேஸ் என்ஜினியர்ஸ் 2, 25 சென்டிமீட்டர் அளவிலான ஒரே கட்டத்தில் பெரிதும் சிறிதும் சேர்த்துக் கட்ட வழி செய்கிறது. மாலுமி அறைகளை நுணுக்கமாக அமைக்க அது பெரிய உதவி. வெளிவந்தபோது அதில் கூட்டாக ஆடும் வசதி இல்லை என்பதால், நண்பர்களோடு கப்பல் ஏற நினைப்பவர்களுக்கு முதல் பாகத்தையே பரிந்துரைக்கிறேன். வாங்கியதும் ஹைட்ரஜன் குழாயை எங்கே ஓடவிடுவது என்பதை ஐந்து பேரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த பின்னரே முதல் பிளாக்கை வையுங்கள்.