உருவுவதா, பிசியோதெரபிக்குப் போவதா?

முழங்கை முறிவுக்குப் போட்ட பிளாஸ்டரைக் கழற்றியதும் வன்னியில் வருகிற முதல் யோசனை, எண்ணெய் போட்டு உருவலாம் என்பதுதான். உருவுகிற நாட்டு வைத்தியர் பக்கத்து ஊரிலேயே இருப்பார், சூட்டில் நோவும் கொஞ்சம் அடங்கும். பிசியோதெரபிக்கு ஒட்டுசுட்டானில் இருந்து முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏற வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை, சரி. ஆனால் அரிவிவெட்டு நாளில் அது பெரிய பாடு.

இருந்தாலும் முழங்கைக்கு நான் பிசியோதெரபியைத்தான் சொல்வேன். விறைத்த முழங்கையைப் பலமாக உருவி இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். பிறகு கை மடங்குவதே கஷ்டம். பிசியோதெரபிஸ்ட் கோணமானி வைத்து, கை எவ்வளவு மடங்குகிறது என்று பாகையில் அளப்பார். முழங்கை முறிந்த என் அம்மம்மாவுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொன்னது இவ்வளவுதான்: “நீங்களே மடக்குங்கோ, நீட்டுங்கோ, நோவு கூடினால் நிப்பாட்டுங்கோ.” சில கிழமைகளில் அம்மம்மா தானே தலை வாரிக் கொண்டை முடிந்தார்.